கல்வெட்டும் கூலியும்

யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிகழும். அன்று வந்தோர்க்கு வழங்கும் நினைவு நூலைக் ‘கல்வெட்டு’ என்பது இங்குள்ள வழக்கு. கல்லுமில்லை, வெட்டுமில்லை, தாளும் மையுமே. முன்னாளிற் பண்டிதர் பாடுவார், அச்சுக்கோப்பவர் எழுத்துக் கோப்பார். இன்று அவ்விருவர்க்கும் நடுவே, வீட்டிலிருந்து தனித்துத் தொழில் நடத்தும் கணினி வடிவமைப்பாளர் நிற்கின்றார். திதி வெண்பாவைப் பிழை பார்ப்பிக்க என்னிடம் வரும் இளைஞர் பலர் இத்தொழிலினரே. அவர்தம் கைத்திறன் மெச்சத்தக்கது. வரவு செலவோ இரங்கத்தக்கது.

செத்த வீட்டிற் கூலி பேசுதல் பண்பன்று என்று வாய்மூடியிருப்பதே அதற்குக் காரணம். பந்தல் போடுவோரும் கதிரை வாடகைக்குத் தருவோரும் தொகையைச் சொல்லியே பொருளை இறக்குகின்றனர். அவரைப் பண்பிலார் என்பார் எவருமிலர். எழுத்தையும் படத்தையும் ஆள்வோர்க்கு மட்டும் இந்நாணம் ஏனோ? பாட்டெழுதும் எம்மனோரிடமிருந்து தொற்றியது போலும்!

என் பழைய மாணாக்கர் ஒருவர் நாற்பத்தெட்டுப் பக்கக் கல்வெட்டொன்றை அமைத்தார். இறந்தவரின் மூத்த மகன் கனடாவிலிருந்தும் இளைய மகள் இலண்டனிலிருந்தும் திருத்தம் அனுப்பினர். ஒருவர் சேர்த்ததை மற்றவர் நீக்கினார். ஒன்பதாந் திருத்தத்திலே பேரப்பிள்ளை ஒருத்தியின் பெயர் விடுபட்டது. முந்நூறு படிகள் அச்சாகிய பின்னரே கண்டனர். மறுபடி அச்சிட்ட செலவு அவர் தலையில் விழுந்தது. அப்பெயரை நீக்கியவர் யாரென்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடிதமுமில்லை.

ஆதலின் முதல் நாளே ஒரு தாளில் எழுதுக: கூலி இவ்வளவு, அச்சவாரம் பாதி, திருத்தம் இரண்டு முறை, மேற்படின் வேறு கூலி, குடும்பத்தார் சார்பில் முடிவு சொல்பவர் இன்னார் ஒருவரே. இறுதிப் பார்வைப்படியில் அவர் கையொப்பம் வேண்டும். அவர் கடல் கடந்திருப்பின் ‘சரி, அச்சிடுக’ என்னும் வாட்ஸ்அப் செய்தியேனும் கையில் இருத்தல் வேண்டும்.

அச்சகச் செலவைக் கூலியோடு கலவாது தனியே குறிக்க. 2022இல் அந்நியச் செலாவணி முடையால் தாள் அருகி, மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரே தொகை பேசுவோர்க்குத் தாள் விலை ஏறுந்தோறும் தம் கூலியே கரையும்.

தொழில் நுணுக்கமும் சில உள. வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கியே வருகின்றது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அளவில், 1200 புள்ளி அகலமுள்ள படம் நான்கு அங்குலத்துக்கே தெளிவாகும். மூலப்படத்தைக் கேட்டு வாங்குக. பாமினி எழுத்துருவில் அமைத்ததை அவ்வெழுத்துரு இல்லாத அச்சகத்துக்கு அப்படியே அனுப்பினால் தமிழ் ஆங்கில எழுத்துக் குவியலாய்விடும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎப் கோப்பாகவே கொடுக்க. நேரிசை வெண்பாவின் தனிச்சொல் இரண்டாம் அடியின் ஈற்றில் நிற்பது. இடம் போதாதென்று அதனை மூன்றாம் அடிக்குத் தள்ளுவோர் பலர். எழுத்தைச் சிறிதாக்குக, அடியை உடைக்கற்க. நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியது பிழையற்ற நூல் வேண்டியன்றோ!

வேலை முடிந்தபின் மூலக்கோப்பை இரண்டு இடங்களிற் காத்து வைக்க. ஆண்டுத் திவசத்துக்கு அதே படத்தைக் கேட்டு வீட்டார் திரும்பி வருவர். மூலக்கோப்பையே கேட்பாராயின் அதற்குரிய விலை முதல் நாள் எழுதிய தாளிலேயே இருக்கட்டும்.