ஓடிய வண்டி ஏன் நின்றது?

பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் வீதி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, மேடுபள்ளமின்றிச் செல்வது. எஞ்சினுக்கு வருத்தமில்லாத பாதை. அப்பாதையிலேதான் என் மொறிஸ் மைனர் கார் சில வாரங்களாக இழுவை குன்றி, இருமி, நின்றுவிடப் பழகியிருந்தது.

இவ்வண்டியை நம்மவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்தது. என்னிடமுள்ளது 1956 இல் புகுத்தப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டியது. வயதில் எனக்கு மூத்தது. முதுமையின் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

நோயின் போக்கு விசித்திரமானது. கல்முனைக்குப் போய் வந்தால் ஒரு குறையுமில்லை. மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டால் மட்டும் இடைவழியில் வேகம் தளரும். மிதியை அழுத்த அழுத்த வண்டி மேலும் சோரும். கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால், ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடும்.

கராஜில் முதலில் பெற்றோல் பம்ப் மாற்றப்பட்டது. பின்னர், "சூடேறினால் கொயில் விட்டுப்போகும், சேர்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது பொய்யன்று. பழுதான கொயில் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறுவதுண்டு. ஆகவே கொயிலும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் வண்டி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? கராஜிலே இளைப்பாறிய வண்டியல்லவா! காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பிலே சொல்லிக் கொடுக்கும் நான், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகளின் பரீட்சை நாள் வந்தது. மண்டபம் மட்டக்களப்பு நகரிலே. வழியில் தடை நேரக்கூடாதென்று முதல் நாள் மாலையே தொட்டி நிறையப் பெற்றோல் அடித்துவைத்தேன். களுதாவளையைத் தாண்டுமுன்பே வண்டி நின்றுவிட்டது! முன்னொருபோதும் அவ்வளவு விரைவில் நின்றதில்லை. மகள் அவ்வழியே வந்த பஸ்ஸில் ஓடி ஏறினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பது பிற்பகல் வரை தெரியவில்லை.

தோளில் வலையோடு வந்த முதியவர் ஒருவர் நின்று, "மனே, எண்ணெய் இருக்கா எண்டு பாத்தியா?" என்றார். தொட்டி நிறைய இருக்கிறதென்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் வயதுக்கு மரியாதையாகப் பின்னே சென்று மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பியதும் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்தது. எஞ்சின் உடனே கிளம்பியது.

ரின்பால் ரின்னில் ஒரு துளை மட்டும் இட்டால் பால் சரிவர வடியாது. மற்றொரு துளையால் காற்றுப் புக வேண்டும். பெற்றோல் தொட்டியும் அப்படியே. பழைய மூடி தொலைந்தபோது, வேறெந்த வாகனத்தினுடையதோ ஒரு மூடியைப் பூட்டியிருந்தேன். அதிலே காற்றுத் துளை இல்லை. தொட்டிக்குள் அமுக்கம் குறையக் குறையப் பம்பினால் பெற்றோலை இழுக்க முடியவில்லை. வண்டி நின்றிருக்கும்போது இடுக்குகளால் சிறிது சிறிதாகக் காற்றுக் கசிந்து புகுந்தது, மீண்டும் ஓடியது.

நிறைந்த தொட்டி ஏன் விரைவில் நிறுத்தியது? இதற்கு விடை 1662 இல் பொயில் வெளியிட்ட விதியிலே இருக்கிறது. தொட்டியில் 15 லீற்றர் காற்றிடம் இருக்கையில் ஒரு லீற்றர் பெற்றோல் வெளியேறினால், காற்று 16 லீற்றராக விரியும்; அமுக்கம் பதினாறில் ஒரு பங்கே குறையும். காற்றிடம் 2 லீற்றர் மட்டுமெனில் அதே ஒரு லீற்றருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெற்றோல் ஆவி இதனை ஓரளவு ஈடுசெய்யுமாயினும் போக்கு மாறாது. முன்யோசனையென்று நான் செய்ததே மகளை நடுவழியில் இறக்கியது.

இத்தனைக்கும் வண்டி முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தது. மின்சாரம் அறுந்தால் எஞ்சின் பெரும்பாலும் விளக்கணைந்தாற்போல் சட்டென்று ஓயும். எரிபொருள் குன்றினால் இருமும், குலுங்கும், பின்னரே சாகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இழுவை மட்டும் எப்போதும் கனத்திருந்தால், பிறேக் பிடித்திருக்கிறதா, புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். பம்பின் ஓசையும் பேசும்: தொட்டி வறண்டால் படபடவென்று அடிக்கும்; இழுக்க வழியின்றித் திணறினால் அடங்கிவிடும். "எந்தப் பகுதி பழுது?" என்று கேட்டோமேயன்றி, "எப்போது, எப்படி நிற்கிறது?" என்று நானும் கேட்கவில்லை, மெக்கானிக்கும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வண்டியோடு தினமும் போனவன் நான்தானே.

புதிய கார் வைத்திருப்போர் இதைப் படித்துவிட்டு மூடியிலே துளையிட வேண்டாம். அவற்றின் தொட்டி கரி நிரப்பிய பெட்டியொன்றின் வழியாகக் காற்றை வாங்கும். அது அடைபட்டாலும் இதே தொல்லை நேரலாம். கணினி காட்டும் பிழைக் குறியீடு எங்கே தேடலாம் என்பதைச் சொல்லுமேயன்றி, எதை மாற்ற வேண்டுமென்று எப்போதும் சொல்லாது.

அன்று மகள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்ததாம். காற்றுத் துளையுள்ள மூடி ஒன்று வாங்கிப் பூட்டினேன். கழற்றிய பழைய பம்பையும் கொயிலையும் மீண்டும் பொருத்தி மட்டக்களப்பு வரை போய் வந்தேன். இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன.