நெடுந்தொடர்ச் சித்திரக்கதைகள்: எங்கிருந்து தொடங்குவது?



ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால், ஒரு தலைமுறைக்கு முன்னர்வரை வேளாண்மையை நம்பியிருந்த சிற்றூர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா விரிந்து கிடக்கிறது. 2017இல் ராயல் என்ஃபீல்டு ஆலை இயங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. இத்தகைய ஊர்களில் வாடகைக்குக் குடியேறியுள்ள குடும்பங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அத்தா இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுக் கொண்டிருக்கும். மாலையில் பிள்ளை வரும்போது அவர் உறக்கத்தில் இருப்பார். பிள்ளைக்குத் துணையாக எஞ்சுவது கைப்பேசி ஒன்றே.

ஆங்கில வழிக் கல்வியில் பயிலும் அப்பிள்ளைக்குத் தமிழ் என்பது தேர்வுக்குரிய ஒரு பாடமாகச் சுருங்கிவிட்டது. அதனை மகிழ்ச்சிக்குரிய மொழியாக மீட்டெடுக்க எளிய வழிகளுள் ஒன்று சித்திரக்கதை. படம் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல, எழுத்து பின்தொடரும். இதனை உணர்ந்து, பெருநாள் காசில் பிள்ளைக்குக் காமிக்ஸ் வாங்கித் தரும் பெற்றோரும் உண்டு. ஆயினும் பலமுறை நிகழ்வது யாது? தடித்த அழகிய நூல் ஒன்றை ஆசையோடு விரித்தால், அது ஏதோ ஒரு கதையின் ஆறாம் பாகமாக இருக்கிறது. இவர் யார், அவர் ஏன் துரத்துகிறார் என்பது விளங்குவதில்லை. பத்துப் பக்கங்களில் நூல் மூடப்படுகிறது. அன்று மூடியது அந்த ஒரு நூல்தானா, தமிழ் வாசிப்பே தானா என்பதை யாரால் கூற இயலும்? ஆகவே, 'எங்கிருந்து தொடங்குவது?' என்னும் வினாவைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவதற்கில்லை.

சிவகாசியில் பிறந்த தொடர்கள்

தமிழில் நெடுங்காலமாக வெளிவரும் சித்திரக்கதை வரிசைகள் என்றால் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் முன்னிற்கின்றன. சிவகாசியில் திரு. சௌந்திரபாண்டியன் அவர்களால் 1972 ஜனவரியில் தொடங்கப்பட்டது முத்து காமிக்ஸ். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் திரு. எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். 'கத்தி முனையில் மாடஸ்டி' அதன் முதல் இதழ். இடையில் ஏற்பட்ட தொய்வுக்குப் பின், 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' என்னும் இதழோடு புத்துயிர் பெற்று, வண்ணத்தில் நல்ல தாளில் இதழ்கள் வரலாயின. 2022இல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது.

புதிய வாசகர் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இவ்விதழ்களின் அட்டையில் காணும் எண், வெளியீட்டு எண்ணே தவிர, கதையின் வரிசை எண் அன்று. ஒரே வரிசையில் பற்பல நாயகர்கள் மாறிமாறி வருவர். ஆதலால் முதல் இதழிலிருந்து அனைத்தையும் தேடிப் படிக்க வேண்டும் என்று எண்ணுவது வீண் சிரமம். பழைய இதழ்கள் சேகரிப்போரிடம் பன்மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அந்தத் தேடலில் இறங்கவே வேண்டாம். இதழை மறந்து நாயகரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய கதை எவ்வகையானது என்று அறிந்துகொள்ளுங்கள். அவ்வகை மூன்று.

எங்கும் தொடங்கத்தக்கவை

முதல் வகையில் ஒவ்வொரு கதையும் தனித்தே முடிவடையும். இதற்குத் தலைசிறந்த சான்று லக்கி லூக். பெல்ஜியத்தின் மோரிஸ் 1946இல் படைத்த இந்த நகைச்சுவைக் கவ்பாய்க்கு, 1955 முதல் 1977இல் தாம் மறையும் வரை கோசினி கதை எழுதினார். டால்டன் சகோதரர்கள் நால்வரும் சிறையிலிருந்து தப்புவதும் லூக் பிடித்து வருவதுமாகக் கதைகள் சுழலும். எதனை முன்னர்ப் படித்தாலும் குறையில்லை. பெற்றோர் மகிழத்தக்க செய்தி ஒன்று: எப்போதும் சிகரெட்டுடன் காட்சியளித்த லூக்கின் வாயில் 1983இல் மோரிஸ் ஒரு புல்லிதழை வைத்துவிட்டார். ஆயினும் அதற்கு முந்தைய கதைகளில் சிகரெட் இருக்கவே செய்யும். பத்து வயதுப் பிள்ளைக்கு இவரே நல்ல தொடக்கம்.

அடுத்தவர் டெக்ஸ் வில்லர். இத்தாலியில் ஜியான்லூயிஜி பொனெல்லியும் ஓவியர் காலெப்பினியும் 1948 செப்டம்பரில் தொடங்கிய இத்தொடர், 2019இல் 700ஆம் இதழைத் தொட்டு மேலும் நடைபோடுகிறது. இத்தனை இதழ்களையும் கண்டு மலைக்க வேண்டாம். டெக்ஸ் ஒரு ரேஞ்சர். மூத்த தோழர் கிட் கார்சன், மகன் கிட் வில்லர், நவஹோ வீரர் டைகர் ஜாக் ஆகியோர் உடன் வருவர். டெக்ஸின் மறைந்த மனைவி நவஹோ இனத்தவர். அம்மக்கள் அவரை 'இரவுக் கழுகு' என்று அழைத்துத் தலைவராக ஏற்றனர். இவ்வளவு தெரிந்தால் போதும், பெரும்பாலான டெக்ஸ் கதைகளுள் எளிதாக நுழைந்துவிடலாம். செவ்விந்தியரின் பக்கம் நின்று அநீதி இழைக்கும் வெள்ளையரை எதிர்க்கும் நாயகர் என்பது இவரது சிறப்பு. துப்பாக்கிச் சண்டைக்குக் குறைவிராது. எனவே உயர்நிலைப் பள்ளி வயதினருக்கே இது பொருந்தும்.

இரும்புக்கை மாயாவியும் ஏறத்தாழ இவ்வகையினரே. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியவர். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெற்ற இவர், மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய, உடல் மறைந்துவிடுவார். தொடக்கத்தில் தவறான வழியில் சென்று, பின்னர் இரகசிய உளவாளியாக மாறியவர் என்பதால், முதல் கதையைப் படித்துவிட்டுத் தொடர்வது நலம். இங்கே ஒரு குழப்பத்தையும் தவிர்த்துக் கொள்ளுங்கள். 1984 முதல் 2005 வரை வெளிவந்த ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்ற பெயரில் வந்தவர் வேறொருவர். லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரர் அவர். முத்து காமிக்ஸ் அவரை வேதாளர் என்று அழைத்தது. வீட்டுப் பெரியவர்கள் 'மாயாவி' என்றால், எந்த மாயாவி என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வாயில் அறிந்து நுழைய வேண்டியவை

இரண்டாம் வகையில் சில பாகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பெருங்கதையாகும். தமிழில் கேப்டன் டைகர் எனப்படும் ப்ளூபெர்ரி இதற்குச் சான்று. எழுத்தாளர் சார்லியே, ஓவியர் ழான் ஜிரோ ஆகியோர் 1963இல் பிரான்சில் தொடங்கிய தொடர் இது. இதில் முதல் பாகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பெருங்கதையின் வாயில் எதுவென்று அறிந்து நுழைந்தால் போதும். தொலைந்துபோன தங்கச் சுரங்கத்தைத் தேடும் 'தங்கக் கல்லறை' இரண்டே பாகங்களில் நிறைவுறுவது. அதுவே மிகச் சிறந்த வாயில். அது பிடித்துப்போனால் அடுத்தது 'மின்னும் மரணம்'. மெக்சிகோவில் மறைக்கப்பட்ட தங்கத்தைத் தேடச் சென்ற டைகர், திருட்டுப் பழியும், பின்னர் ஜனாதிபதியைக் கொல்ல முயன்ற பழியும் சுமந்து, தம் மானத்தை மீட்கப் போராடும் நெடுங்கதை அது. 2015இல் ஒரே தொகுப்பாகத் தமிழில் வந்தது. இதனை இடையில் தொடங்குவது, வழக்கின் தீர்ப்பை மட்டும் கேட்டுவிட்டு நீதிமன்றத்தை விட்டு வெளியேறுவதை ஒக்கும்.

முதல் பக்கமே வாயில்

மூன்றாம் வகை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதை. 'இரத்தப் படலம்' அத்தகையது. தலையில் குண்டு பாய்ந்து கரையொதுங்கிய ஒருவன். தன் பெயரும் நினைவில்லை. தோளெலும்பருகே பதின்மூன்று என்னும் ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் அவன்தானோ என்ற ஐயத்தோடு கதை விரிகிறது. வான் ஹாம், வில்லியம் வான்ஸ் இருவரும் 1984இல் தொடங்கியது. 2010இல் 18 பாகங்களும் ஒரே கறுப்பு-வெள்ளைத் தொகுப்பாகத் தமிழில் வெளியாயின. 2018இல் வண்ணப் பதிப்பும் வந்தது. இதன் முதல் பக்கத்தைத் தவிர வேறு வாயிலில்லை. நாயகன் தன்னைப் பற்றி அறியாததை வாசகரும் அறியாதிருப்பதே இதன் உயிர். நடுப்பாகம் மட்டும் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கொலையும் சதியும் மிகுந்த இக்கதை பெரியவர்களுக்கே உரியது. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்பது பெற்றோர் பொறுப்பு.

நடைமுறைக்கு மூன்று யோசனைகள்

ஒன்று: விலைமிக்க பெருந்தொகுப்பில் தொடங்காதீர்கள். தனித்து முடியும் சிறு நூல் ஒன்றை வாங்குங்கள். பிள்ளை தானாக 'அடுத்தது எங்கே?' என்று கேட்கும்வரை காத்திருங்கள்.

இரண்டு: இவ்விதழ்கள் பெட்டிக்கடைகளில் தொங்கிய காலம் கடந்துவிட்டது. இப்போது பெரிதும் சந்தா வழியாகவும் புத்தகக் கண்காட்சிகளிலுமே கிடைக்கின்றன. தொழிற்பேட்டைப் பகுதியில் வாழ்வோருக்குச் சந்தாவே வசதி. ஆயினும் ஆண்டுச் சந்தா செலுத்துமுன், சென்னைக் கண்காட்சிக்கோ மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கோ பிள்ளையை அழைத்துச் சென்று, நான்கைந்து நாயகர்களைப் புரட்டிப் பார்க்கச் செய்யுங்கள். தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். வயதுக்கேற்றதா என்னும் கண்காணிப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

மூன்று: வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். முதல் எட்டுப் பக்கங்களைப் பிள்ளையுடன் அமர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். டெக்ஸின் பேச்சை அத்தா படிக்க, கார்சனின் முணுமுணுப்பைப் பிள்ளை படிக்கட்டும். சொல் தடைபடும் இடத்தில் திருத்துவதற்கு விரையாமல், படத்தைக் காட்டுங்கள். பொருள் தானே விளங்கும். வார விடுமுறையில் அரைமணி நேரம் போதும். ஷிப்டு மணிகளுக்கிடையே பிரிந்து கிடக்கும் தகப்பனும் பிள்ளையும் ஒரே பக்கத்தில் சந்திக்க அதுவும் ஒரு வழியாகும்.