மறதி நோய்க்காக 42 கிலோமீட்டர்

ஒரே நாளில் 42 கிலோமீட்டர் நடக்க முடியுமா, நேயர்களே? பிரிட்டனில் ஆயிரக்கணக்கானோர் நடந்திருக்கிறார்கள். அங்குள்ள அல்சைமர்ஸ் சொசைட்டி எனும் தொண்டு நிறுவனம் நடத்தும் இந்த நடையின் பெயர் 'டிரெக் 26'. 26 என்பது மைல் கணக்கு. அவ்வளவு தூரம் இயலாதவர்களுக்கு 13 மைல் பாதையும் உண்டு. ஸ்டோன்ஹெஞ்ச் கல்தூண்கள் நிற்கும் வெளியிலும், பீக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளிலும், லண்டன் மாநகரிலும் இந்த நடை நடந்திருக்கிறது.

பங்கேற்பவர்கள் முன்கூட்டியே உறவினர்களிடமும் நண்பர்களிடமும் நன்கொடை திரட்டுகிறார்கள். அந்தப் பணம் டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றிய ஆராய்ச்சிக்கும், குடும்பங்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்களுக்கும், தொலைபேசி உதவிச் சேவைக்கும் போகிறது. இவற்றில் அந்தத் தொலைபேசிச் சேவையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பெற்ற பிள்ளையையே "நீ யாரப்பா?" என்று கேட்கும் தாயை இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவருக்கு, விவரம் தெரிந்த ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதே பெரிய ஆறுதல். அம்மாவையோ தாத்தாவையோ இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் பலர், அவர்கள் நினைவாகவே இந்த நடைக்கு வருகிறார்கள்.

நடப்பது மூளைக்கும் நல்லது. அறிவாற்றல் குறையும் அபாயத்தைத் தணிக்க உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

நெடுநடைக்குச் சில மாதப் பயிற்சி வேண்டும். தூரத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். புதுக் காலணியோடு கிளம்பாதீர்கள், கால் கொப்புளித்துவிடும். பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்து ஈரமாகவே இருக்கும். சீக்கிரம் உலரும் காலுறையே நல்லது, மாற்று ஜோடி ஒன்றும் பையில் இருக்கட்டும்.