பிக்கப் வண்டியின் குலுக்கமும் அதன் பரிகாரமும்

பிக்கப் வண்டியொன்று வெறுமையாக நிற்கையில் அதன் பின்புறம் சற்று உயர்ந்திருப்பது குறையன்று. பொதி ஏறியதும் பின்வில்கள் தாழ்ந்து வண்டி மட்டமாக வேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்படுகிறது. ஆயினும் அமெரிக்காவிலே பிக்கப் வைத்திருப்போர் பலர், தோற்றப் பொலிவை நாடியும் பெரிய ரயர்களைப் பூட்ட விரும்பியும், முன்புறத்தை ஏறக்குறைய 2 அங்குலம் உயர்த்தி மட்டமாக்கிக்கொள்கின்றனர். அதன்பின் சிறு பள்ளத்திலும் வண்டி இடிக்கிறது என்ற முறைப்பாடு எழுகிறது. இதற்குக் காரணம் யாது?

1988ஆம் ஆண்டின் ஷெவர்லே பிக்கப்புகளுள், நான்கு சில்லுகளாலும் இயங்கும் வகையில் முன்பாரத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி ஆகும். அக்கம்பியின் ஒரு முனை சில்லைத் தாங்கும் கீழ்க்கையோடும், மறுமுனை வண்டிச் சட்டத்தோடும் பிணைந்திருக்கும். சட்டத்தின் பக்கமுள்ள திருகாணியை இறுக்கினால் முன்புறம் உயரும். இறுக்குவதால் கம்பியே விறைத்துவிடுகிறது என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. கம்பியின் விறைப்பு அதன் நீளத்தையும் தடிப்பையும் உலோகத்தையும் பொறுத்தது. திருகாணி அதனை மாற்றுவதில்லை. குறைவது, சில்லு கீழிறங்குவதற்கு உள்ள இடமே. உயர்த்திய வண்டியிலே கைகள் முன்னரே கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. அதிர்ச்சிதாங்கியும் பெரிதும் நீண்டுவிடுகிறது. ஆதலால் சில்லு பள்ளத்தில் இறங்கியவுடன் கை தன் எல்லைத் தடையில் மோதுகிறது. அம்மோதலையே சாரதி இடியாக உணர்கிறான்.

இடியோடு தீங்கு முடிவதில்லை. சாய்ந்த கோணத்தில் இடைவிடாது உழைப்பதால் பந்துமூட்டுகளும் முன்னச்சின் மூட்டுகளும் விரைவில் தேய்கின்றன. தேய்ந்த பந்துமூட்டு ஓட்டத்தில் கழன்றால் சில்லு சரியும். சுக்கானுக்கு வண்டி அடங்காது. எனவே புதிய அதிர்ச்சிதாங்கிகளை மட்டும் வாங்கிப் பூட்டுவது போதிய பரிகாரமாகாது.

முதலில் ரயரின் காற்றழுத்தத்தைப் பார்த்தல் வேண்டும். பாரச்சுமைக்குரிய அழுத்தத்தோடு வெறுவண்டி ஓடினால் குலுக்கம் மிகும். அடுத்து, கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைத்துச் சில்லை உயர்த்தி, சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். தளர்ச்சி தென்பட்டால் பந்துமூட்டோ சில்லின் தாங்கியோ தேய்ந்திருக்கும். இடமும் வலமும் அசைக்கையில் தளர்ந்தால் சுக்கான் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். அதிர்ச்சிதாங்கியில் எண்ணெய் கசிந்திருந்தால் அதனை மாற்றுதல் வேண்டும்.

தேய்ந்தவற்றை மாற்றியபின், உயர்த்திய அளவிற் பாதியையேனும் இறக்குதல் நன்று. முறுக்குக் கம்பி பெரும் விசையை அடக்கி நிற்பது. அதைக் கழற்றும் வேலையைத் தக்க கருவியுள்ள தொழிலாளியிடம் விடுதலே அறிவுடைமை. உயரம் குறையாமலே இருக்க விரும்புவோர் அவ்வுயரத்துக்கு ஏற்ற நீளமுள்ள அதிர்ச்சிதாங்கிகளையும், அதற்கென அமைந்த மேற்கைகளையும் பூட்ட வேண்டும். எவ்வாறாயினும் உயரம் மாறியபோதெல்லாம் சில்லுகளின் நேர்மையை அளந்து திருத்துவதும், முன்விளக்குகளைத் தாழ்த்திச் சரிசெய்வதும் இன்றியமையாதன. முன்னதைத் தவிர்த்தால் புதிய ரயர் ஓரத்தில் தேயும். பின்னதைத் தவிர்த்தால் எதிரே வரும் சாரதியின் கண் கூசும்.