துக்கத்துக்குக் கார்டியன் யார்?

தாய் தந்தையரை இழந்த மைனர் குழந்தைக்கு ஒரு கார்டியன் வேண்டுமென்பதை 1890-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. குழந்தையின் சரீரத்துக்கும் சொத்துக்கும் கார்டியனை நியமிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இவ்வித மனுக்களை நாம் பார்த்திருக்கிறோம். நிலத்தின் எல்லை, நகையின் எடை, பாங்கிக் கணக்கு எல்லாம் அவற்றில் விவரமாய் எழுதப்பட்டிருக்கும். அக்குழந்தை இரவில் யாரைக் கூப்பிட்டு அழுகிறதென்ற விவரம் மட்டும் எந்த மனுவிலும் இராது. நாம் சட்டத்தைக் குறை கூறவில்லை. அது சட்டத்தின் வேலையன்று. ஆயின் அது யாருடைய வேலை?

சர்க்கார் பணவுதவி செய்யாமலில்லை. கொரோனா நோய் குடும்பங்களைச் சூறையாடிய 2021-ஆம் வருஷம் மே மாதத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பேரில் 5 லக்ஷம் ரூபாய் டெபாசிட் செய்வதாகவும், ஒருவரை இழந்த குழந்தையின் குடும்பத்துக்கு 3 லக்ஷம் கொடுப்பதாகவும் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தனர். இது போற்றத்தக்கதே. ஆனால் டெபாசிட் பதினெட்டாம் வயதில் கைக்கு வரும். துக்கமோ அன்றிரவே வந்துவிடுகிறது.

நமது வீடுகளில் நடப்பதென்ன? “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்”, “தூங்குகிறாள்” என்று சொல்லி வைக்கிறோம். குழந்தை அச்சொல்லை அப்படியே நம்பும். ஊருக்குப் போனவளுக்காக வாசலில் காத்திருக்கும். தூங்கினால் தானும் எழுந்திராமற் போகலாமென்று தூங்கவே அஞ்சும். சற்று வளர்ந்த குழந்தையோ, தான் அடம்பிடித்ததால்தான் அம்மா இறந்தாளென்று தனக்கெதிராகத் தானே தீர்ப்பெழுதிக்கொள்ளும். கொள்ளிச் சட்டி சுமந்த பத்து வயதுப் பையனிடம், “இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை, அழாதே” என்கிறோம். பதினாறாம் நாள் கழிந்ததும் பந்துக்கள் ஊர் திரும்புகிறார்கள். பையன் விளையாடுவதைக் கண்டு, மறந்துவிட்டானென்று ஆறுதல் கொள்கிறோம். அவன் மறக்கவில்லை. குழந்தைகளின் துக்கம் விட்டுவிட்டு வருவது. விளையாட்டின் நடுவிலும் வரும், வருஷங்கள் சென்றும் வரும்.

இவ்விடத்தில்தான் புஸ்தகம் உதவிக்கு வருகிறது. தன்னைப்பற்றிப் பேச நா எழாத குழந்தை, கதையில் வரும் பிராணியைப்பற்றிப் பேசும். 1952-ல் ஈ. பி. ஒயிட் என்னும் அமெரிக்கர் எழுதிய ‘ஷார்லட்ஸ் வெப்’ கதையில், பன்றிக்குட்டியொன்றின் உயிரைக் காத்த சிலந்தி முடிவில் இறந்துபோகிறது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. சிலந்தியின் குஞ்சுகள் பிறப்பதையும் சொல்லாமல் விடவில்லை. 2004-ல் மைக்கேல் ரோஸன் என்னும் ஆங்கிலக் கவி, இறந்த தம் மகனைப்பற்றிக் குழந்தைகளுக்கே ஒரு புஸ்தகம் எழுதித் தமது துயரத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தமிழில் குழந்தைகளுக்கு எழுதுவோரும் இவ்விஷயத்தைத் தொடக் கூசலாகாது.

இதற்கு வேண்டிய இடமும் நம்மிடம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சியால், 1948-ல் சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். ஆகையால் கிளை நூலகம் நமது சொத்து. அங்கே இத்தகைய கதைகளுக்கென ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குவது பெருஞ்செலவன்று. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குப் படித்துக்காட்ட ஒருவர் முன்வருவதும் அரிதன்று. படிப்பவர் உபதேசம் செய்ய வேண்டாம். குழந்தை கேட்டால் உண்மையை எளிய சொற்களில் சொல்லட்டும். அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் பொறுமையாய்ப் பதில் கூறட்டும்.

புஸ்தகமே மருந்தென்று நாம் சொல்ல வரவில்லை. நெடுநாள் ஊணும் உறக்கமுமின்றி வாடும் குழந்தையை மனநல வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆதரவற்ற குழந்தையின் நிமித்தம் 1098 என்ற டெலிபோன் எண்ணில் தெரிவிக்கலாம்.

குழந்தைகளே தேசத்தின் வருங்காலமென்று மேடைதோறும் முழங்கும் அன்பர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் இவ்வருஷம் தாயையோ தந்தையையோ இழந்த குழந்தையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடில் இன்றே விசாரியுங்கள். பதினாறு நாள் கழிந்தபின் அவ்வீட்டுக்கு ஒரு கதைப் புஸ்தகத்தோடு போய், அக்குழந்தையின் அருகே உட்காருங்கள்.