உங்களுக்குத் தெரியுமா? பேனிக் அட்டாக்

● நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும், ‘இதோ செத்துவிடப் போகிறேன்’ என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவர்கள் ‘கேஸா இருக்கும்’ என்று சோடா வாங்கிவர ஓடுவார்கள். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கத் தொடங்கிவிடும்.

● ஒரு தடவை வந்துபோனால் அது நோயல்ல. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்போதோ’ என்ற கவலையோ, அதற்குப் பயந்து பஸ், லிஃப்ட், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்குவதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் ‘பேனிக் டிஸார்டர்’. பலருக்கு இருபதுகளில் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம்.

● அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் பலருக்குப் படபடப்பும் நெஞ்சுவலியும் இருந்தன. இதயத்திலோ கோளாறு எதுவும் தென்படவில்லை. மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா 1871-ல் இதை விரிவாக எழுதினார். ஆனால், மனநல மருத்துவத்தின் நோய்ப் பட்டியலில் பேனிக் டிஸார்டர் தனி நோயாக இடம்பிடித்தது 1980-ல்தான்.

● கனடாவில் மான்ட்ரியல் இதய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வந்தவர்களை ஆராய்ந்தபோது (1996), சுமார் நான்கில் ஒருவருக்குப் பேனிக் டிஸார்டர் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே அது கண்டறியப்படவே இல்லை.

● மூளையில் அமிக்டலா என்ற பகுதி சேதமடைந்ததால் பாம்பு, சிலந்தி எதற்கும் பயப்படாத ஒரு பெண், ஆய்வுக்கூடத்தில் 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுத்ததும் அரண்டு போனார் (2013). வெளியே ஆபத்து எதுவும் வேண்டியதில்லை. உடம்புக்குள் எழும் ஓர் உணர்வே பீதியைக் கிளப்பப் போதும்.

● அட்டாக்கின்போது உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது பெரும்பாலும் பக்கவாதம் அல்ல. வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதன் விளைவு. அதற்காகக் காகிதப் பைக்குள் மூச்சு விடாதீர்கள். வந்திருப்பது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் உயிருக்கே ஆபத்து.

● ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்பது பலருடைய பயம். மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பேனிக் அட்டாக்கிலோ அது பெரும்பாலும் ஏறுகிறது. எனவே விழுவது அபூர்வம்.

● உடம்பில் ஏற்படும் சின்ன மாற்றத்தை ‘ஆபத்து’ என்று மனம் தப்பாகப் படிக்கிறது. பயத்தில் படபடப்பு கூடுகிறது. அது பயத்தை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழலை 1986-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். பாதியில் எழுந்து ஓடிவிட்டால், ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

● அதனால்தான் ‘சி.பி.டி.’ என்ற உளவியல் சிகிச்சையில் வேண்டுமென்றே படபடப்பை வரவழைக்கிறார்கள்! சுழல் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது... தலை சுற்றும், மூச்சு வாங்கும், ஒன்றும் ஆகாது. அந்த ‘ஒன்றும் ஆகாது’ என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது.

● அமெரிக்க மருத்துவர் டொனால்ட் க்ளைன் இமிப்ரமின் மாத்திரையைச் சோதித்தபோது, ‘பெரிதாக மாற்றமில்லை’ என்றார்கள் நோயாளிகள். ‘சாகப்போகிறேன்’ என்று தினமும் ஓடிவந்தவர்கள் இப்போது வருவதில்லை என்பதைக் கவனித்தவர்கள் நர்ஸ்கள்தான்! இன்று முதலில் எழுதித்தரப்படுபவை செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் படபடப்பு கொஞ்சம் கூடலாம். அல்பிரஸோலம் சீக்கிரம் அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் திடீரென நிறுத்தக் கூடாது.

● பேனிக் டிஸார்டர் உள்ளவர்கள் நான்கைந்து கப் காபிக்கு இணையான கஃபைனை எடுத்துக்கொண்டபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்டாக் வந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாவது டோஸ் காபியைக் குறைப்பதில் தவறில்லை.

● முதன்முறை நெஞ்சுவலி வந்தால் ‘பேனிக்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்; மருத்துவமனைக்குப் போங்கள். ஈ.சி.ஜி., தைராய்டு உள்ளிட்ட பரிசோதனைகளைப் பார்த்து ‘உடம்பில் கோளாறு இல்லை’ என்று மருத்துவர் உறுதி சொன்னால், அடுத்துப் பார்க்க வேண்டியவர் இன்னொரு இதய மருத்துவர் அல்ல, மனநல மருத்துவர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண்ணை அழையுங்கள்: 14416. தமிழிலேயே பேசலாம்.