செவிலியர் படிப்பும் நேரக் கணக்கும்

"ஒரு நாள் லீவு போட்டா என்ன ஆயிடும் சாமி?" என்று நம்மிடம் வினவினார் சந்தவாசல் தாய் ஒருவர். மகள் செவிலியர் பட்டப்படிப்பில் முதலாண்டு மாணவி. வீட்டில் காதுகுத்து விழா.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ஆம் ஆண்டிலேயே இப்பட்டப்படிப்பு தொடங்கிற்று. அண்மையில் இருப்பதால் அதன் பெருமையை நம் குடும்பங்கள் அறியும். படிப்பின் பளுவை அறிந்தோர் சிலரே.

இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் வெளியிட்ட பாடத்திட்டப்படி நான்காண்டுகளும் எட்டுப் பருவங்களாகும். வாரத்திற்கு 40 மணி நேரம். பளுவை 'கிரெடிட்' என்னும் அலகால் அளக்கின்றனர். வகுப்பறைப் பாடத்தில் ஓர் அலகு என்றால், பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி. நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சிக்கோ அதே ஓர் அலகு வாரம் நான்கு மணியை விழுங்கிவிடும்! அலகுகளை மட்டும் கூட்டிப் பார்த்து, 'இப்பருவம் எளிது' என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான். முதற்பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் உளவியலும் வந்து நிற்கின்றன. தமிழ்வழி பயின்ற பெண்ணுக்கு ஆங்கிலமும் ஒரு பாடச்சுமையே.

தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். விடுப்பின் காரணம் எதுவாயினும் சரியே. பயிற்சியிலோ, பட்டம் பெறுமுன் 100 விழுக்காடும் நிறைவுற வேண்டும். விட்ட நாளைப் பின்னர் ஈடுசெய்தே தீரவேண்டும். தறியில் ஏறிய பாவில் சில முழங்களை நெய்யாமல் விட்டுச் சேலையை அறுத்தெடுக்க இயலுமா?

ஆதலால் பருவத் தொடக்கத்திலேயே பயிற்சி அட்டவணையை மகளிடம் கேட்டு வாங்கி, வீட்டு நாட்காட்டியின் அருகில் மாட்டி வைக்குமாறு அத்தாயிடம் கூறினோம். காதுகுத்து விழா ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.